தற்காய வினாக்கொத்தின் தமிழாக்கமும் மன்னார்க் கரையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தனது துயரங்களுள் எவற்றை எண்ணி வைத்தது, எவற்றை எண்ணாது விட்டது என்பதைக் கொண்டு அச்சமூகத்தின் வரலாற்றை ஓரளவு அறிந்துகொள்ளலாம். மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையிலும் ஆட்சி செலுத்திய ஒவ்வோர் அரசும் முத்துச் சிப்பிகளை எண்ணியது, வள்ளங்களை எண்ணியது, மரங்களையும் சாராயப் பீப்பாய்களையும் எண்ணியது. ஆனால் குடித்துவிட்டுத் தன் கையைத் தானே கீறிக்கொண்ட மனிதன் எந்த ஏட்டிலும் தனியாக எண்ணப்படவில்லை. அவன் சில வேளை பாவியாகவும், சில வேளை குற்றவாளியாகவும், பெரும்பாலும் வெறிகாரனாகவுமே நோக்கப்பட்டான்.

சாகும் நோக்கமின்றி ஒருவர் தம் உடலுக்குத் தாமே தீங்கு செய்துகொள்வதை உளவியலாளர் தற்காயம் என வேறுபடுத்துவர். மது முதலிய போதைப் பொருள்களுக்கு அடிமையானோரிடையே இச்செயல் மிகுதியாகக் காணப்படும் என்பதும் அவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மையே. இதனைக் கண்டறிவதற்கு மேலைநாடுகளில் வினாக்கொத்துகள் பல ஆக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தமிழாக்கி மன்னார்க் கரை மக்களிடம் வினவினால், பெறப்படும் விடைகள் எந்த அளவுக்கு உண்மையைக் காட்டும்? வெறும் மொழிபெயர்ப்பாலோ கணிதச் சூத்திரங்களாலோ மட்டும் தீர்த்துவிடக்கூடிய வினா அன்று இது. வினவுபவர் யார், வினவப்படுபவர் எதற்கு அஞ்சுகிறார் என்னும் நெடிய வரலாறும் இதனுள் அடங்கும். அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் வினாக்கொத்து

பிறமொழியாளர் ஒருவர் ஆக்கிய வினாக்கள் தமிழில் அச்சாகி இக்கரைகளின் மக்களிடம் வினவப்பட்டமை இருபதாம் நூற்றாண்டுக்குரிய புதுமை எனக் கருதுவது பொருந்தாது. 1560 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலிலிருந்து கிறித்தவப் பரதவர் பலர் அக்காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களோடு பணியாற்றியவர் இயேசு சபைக் குருவான அண்ட்ரிக் அடிகள். 1578 இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 1580 இல் கொச்சியில் அவர் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூல், குருவானவர் பாவசங்கீர்த்தனம் செய்பவரிடம் வினவவேண்டியவற்றைத் தமிழில் வகுத்துக் கூறுவது.

இந்நூலை உளவியல் வினாக்கொத்தோடு ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாது எனச் சிலர் கருதலாம். ஒன்று பாவத்தை மன்னிப்பதற்காக வினவுவது. மற்றொன்று நோயை மதிப்பிடுவதற்காக வினவுவது. எனினும் இரண்டுக்கும் பொதுவான தேவைகள் இரண்டு உண்டு. முதலாவது, கேள்வி கேட்கப்படுபவரின் நாவிலும் செவியிலும் பழகிய சொல்லில் அமைதல் வேண்டும். இலத்தீனையும் போர்த்துக்கேய மொழியையும் கற்ற குருவானவர் கரையோர மக்களின் பேச்சைப் பயின்றதற்குக் காரணம் இதுவே. இரண்டாவது, சொன்னது வெளியே செல்லாது என்னும் உறுதி வேண்டும். 1215 ஆம் ஆண்டின் இலாத்தரன் சங்கம் பாவசங்கீர்த்தன இரகசியத்தை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனை விதித்தது. நெஞ்சை மறைக்காது பேசுவதற்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதைச் சமயம் முன்னரே உணர்ந்திருந்தது. பின்வந்த அரசுகள் இவ்விரண்டில் ஒன்றையேனும் பேணவில்லை.

வரியும் சட்டமும்

ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் இலங்கையின் கரையோர மாகாணங்களில் சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அதிக தொகை கேட்டவருக்கே உரிமை சென்றது. செலுத்திய தொகையை மீட்பதற்குக் குத்தகைக்காரர் குடியைப் பெருக்கவேண்டியவராயினர். 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தோடு புதிய நிருவாகம் ஏற்பட்டது. ஆயினும் அரசின் நோக்கு பெரிதும் மாறவில்லை. வடக்கில் 1972 இல் கள் விற்பனை பனை, தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இவற்றால் சீவல் தொழிலாளருக்குப் பொருளாதாரப் பயன் கிட்டிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நீண்ட காலம் முழுவதும் அரசேடுகள் கூறுவன போத்தலையும் வருமானத்தையும் பற்றியே. குடித்தவன் வீடு சென்று யாது செய்தான், தனக்குத் தானே யாது செய்துகொண்டான் என்பது அவற்றின் அக்கறைக்கு அப்பாற்பட்டது.

அக்கறை கொண்ட ஏடு ஒன்று இருந்தது. அது பொலிஸ் ஏடு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. இவ்விதி 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. நூற்றுப்பதினைந்து ஆண்டுகளாக, “நானே செய்துகொண்டேன்” என்று வைத்தியசாலையில் கூறுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதை ஒத்திருந்தது. சாகும் நோக்கமின்றிக் கையைக் கீறிக்கொண்டவர் சட்டப்படி இவ்விதிக்குள் அடங்கார். ஆனால் தம் நோக்கம் அதுவல்ல என்பதை அவர் எவ்வாறு நிறுவுவார்? ஆகவே கீறலைக் கண்ணாடி வெட்டியது என்றும், தீப்புண்ணை அடுப்புச் சுட்டது என்றும் கூறுவதே பாதுகாப்பான வழியாக இருந்திருக்கும்.

போதைப் பொருள்களைப் பொறுத்தவரையில் அச்சம் இதனினும் மிகுதி. ஹெரோயின் கடத்தலுக்கு மரணதண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க 1984 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளித்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. கஞ்சாவும் ஹெரோயினும் இக்கடல் வழியே கடத்தப்படுவதால் கரையோர இளைஞர் எவரும் எளிதில் ஐயத்துக்குள்ளாவர். அத்தகைய ஊரில் “நீர் என்ன பாவிக்கிறீர்?” என்று தாளும் பேனையுமாக வருபவர் கேட்டால், கேட்கப்படுபவரின் நினைவுக்கு முதலில் வருவது வைத்தியர் அல்லர்.

மேலைநாட்டு அளவைகளின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவில் கார்ள் மெனிங்கர் என்னும் உளமருத்துவர் 1938 இல் வெளியிட்ட நூலொன்றில், மதுவுக்கு அடிமையாதலையும் தன் உடலைத் தானே சிதைத்தலையும் ஒரே வேரின் இரு கிளைகளாக நோக்கினார். முன்னையது நெடுங்காலத்துக்கு நீளும் தற்கொலை என்றும், பின்னையது உடலின் ஓர் உறுப்பில் நிகழும் தற்கொலை என்றும் அவர் கருதினார். இக்கருத்து பின்னர் பெரிதும் திருத்தப்பட்டது. தற்காயம் பல வேளைகளில் சாவை நாடுவதன்று, தாங்கொணா மனவேதனையைச் சற்று நேரம் தணிக்க முயல்வதே என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். 1987 இல் அர்மண்டோ பவாசா, பண்பாடு ஏற்றுக்கொண்ட உடற்காயத்தையும் ஏற்றுக்கொள்ளாத உடற்காயத்தையும் வேறுபடுத்தி ஆராய்ந்தார். அலகு குத்தலையும் தூக்குக் காவடியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை விளக்கவேண்டியதில்லை.

இதே காலத்தில் அளத்தற்கலையும் வளர்ந்தது. ஒரு வினாக்கொத்தின் வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இயைகின்றன என்பதைக் காட்டும் கெழுவை லீ குறொன்பாக் 1951 இல் விளக்கினார். மொழிபெயர்த்ததை மற்றொருவர் மூலத்தைக் காணாது மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் முறையை றிச்சார்ட் பிறிஸ்லின் 1970 இல் விரிவாக ஆராய்ந்தார். ஒரு பண்பாட்டில் உருவான நோய்வகையை மற்றொரு பண்பாட்டின் மீது ஆராயாது சுமத்துதல் பெருந்தவறு என 1977 இல் ஆர்தர் கிளைன்மன் எச்சரித்தார். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வின் பயனாகப் பத்து வினாக்கள் கொண்ட மதுப்பாவனை வினாக்கொத்து 1989 இல் வெளிவந்தது. தற்காயத்தைப் பொறுத்தவரை சான்சோனும் அவர்தம் துணையாசிரியரும் 1998 இல் இருபத்திரண்டு வினாக்கள் கொண்ட பட்டியலொன்றை வெளியிட்டனர். 2001 இல் கிம் கிராற்சும், 2009 இல் குளொன்ஸ்கி, கிளென் ஆகியோரும் வேறு வினாக்கொத்துகளை ஆக்கினர்.

2013 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் நோய்க்கையேடு, தற்காயத்தை மேலும் ஆராயப்படவேண்டிய நிலைகளுள் ஒன்றாக வகுத்தது. போதை ஏறிய வேளையிலோ போதை முறியும் வேளையிலோ மட்டும் நிகழும் காயம் இவ்வகைக்குள் அடங்காது என அது வரையறுத்தது. நோயை ஐயமற வரையறுக்க இவ்விதி உதவலாம். ஆனால் குடித்தால் மட்டுமே தன்னைக் கீறிக்கொள்ளும் மனிதன் இதனால் மீண்டும் ஏட்டுக்கு வெளியே விடப்படுகிறான்.

வட இலங்கையின் அனுபவம்

தமிழ் மக்களிடையே இத்துறையில் ஆய்வே நிகழவில்லை என்று கூறமுடியாது. யாழ்ப்பாணத்துத் தற்கொலைகள் பற்றிக் கணேஸ்வரனும் பிறரும் செய்த ஆய்வு 1984 இல் சர்வதேச மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. போருக்கும் தற்கொலைக்குமுள்ள தொடர்பைத் தயா சோமசுந்தரமும் இராஜதுரையும் 1995 இல் ஆராய்ந்து, போர்க்காலத்தில் தற்கொலை குறைந்தமையை எடுத்துக்காட்டினர். மஞ்சள் அலரி விதையை உண்ணும் வழக்கம் 1980களில் வடக்கில் பரவியமையும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. வேலியோரத்து அலங்காரச் செடியொன்று சாவுக் கருவியான இக்கதை, தீங்கின் வழிமுறை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதற்குத் தக்க சான்றாகும். இலங்கை முழுவதையும் நோக்கின், 1995 இல் இலட்சம் பேருக்கு 47 பேர் என்னும் அளவில் தற்கொலை நிகழ்ந்தது. மிகு நச்சுத்தன்மையுடைய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் இவ்வீதம் பெரிதும் வீழ்ச்சியடைந்தது. சரியாக எண்ணியமை உயிர்களைக் காத்தது என்பதே இதன் பொருள்.

தமிழாக்கப்பட்ட உளநல வினாக்கொத்துகளும் வடக்கில் பயன்பட்டுள்ளன. போர் முடிவுற்ற 2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு, மனவடு நோய் நூற்றுக்கு 7 பேரிடமும், மனச்சோர்வு ஏறத்தாழ 22 பேரிடமும், பதகளிப்பு ஏறத்தாழ 33 பேரிடமும் காணப்பட்டதாகக் கூறிற்று. ‘மனவடு’ என்னும் சொல்லே இவ்வனுபவத்தின் பேறாகும். உடலின் வடுவை உள்ளத்துக்கு உவமையாக்கிய இச்சொல் எவருக்கும் விளக்கமின்றி விளங்குகின்றது. நல்ல தமிழாக்கம் அகராதியிலிருந்து அன்றி மக்களின் அனுபவத்திலிருந்து பிறக்கும் என்பதற்கு இது சான்று.

மன்னார்க் கரையில் தகுதி காணல்

இப்பின்னணியிற் தற்காய வினாக்கொத்தொன்றை மன்னார்க் கரையில் போதைக்கு அடிமையானோரிடையே தகுதி காண முற்படின் எழும் சிக்கல்கள் தெளிவாகும். எடுத்துக்காட்டாக 1998 ஆம் ஆண்டின் இருபத்திரண்டு வினாப் பட்டியலையே கொள்ளலாம்.

முதலாவது சிக்கல் வினாக்களின் தெரிவிலேயே உள்ளது. வேண்டுமென்றே மதுவைத் துர்ப்பாவனை செய்ததுண்டா என்பது அப்பட்டியலின் வினாக்களுள் ஒன்று. பொதுமக்களிடையே இது பயனுள்ள வினா. மதுவுக்கு அடிமையானோரிடையே அனைவரும் ‘ஆம்’ என்றே கூறுவராயின், அது ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய உதவாது. எல்லோரது புள்ளியையும் ஒன்றால் உயர்த்த மட்டுமே செய்யும். ஐந்து விடைகள் ‘ஆம்’ எனின் ஆளுமைக் கோளாறு ஐயத்துக்குரியது என்பது அப்பட்டியலின் விதி. மருந்துத் துர்ப்பாவனை, பொறுப்பற்ற வாகனமோட்டல், தொழிலை இழத்தல் முதலியனவும் அதில் இடம்பெறுவதால், உடலில் ஒரு கீறலேனும் இல்லாத குடிகாரர் ஐந்தை எட்டிவிடலாம். ஆகவே அங்கு கண்ட எல்லைப்புள்ளி இங்கும் செல்லும் எனக் கொள்ளல் ஆகாது.

இரண்டாவது, சொற்பொருள் பற்றியது. மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதுண்டா என்று தமிழில் வினவினால், மருந்து என்பது பலருக்கு வயலுக்கு அடிக்கும் பீடைகொல்லியையும் குறிக்கும். ‘மருந்து குடித்தவர்’ என்றால் சாக முயன்றவர் என்றே ஊர் பொருள்கொள்ளும். மனத்தைச் ‘சித்திரவதை’ செய்தல் எனும் தொடர் மறுபெயர்ப்பில் மூலத்தோடு முற்றும் ஒத்துவரும்; ஆனால் போர்க்காலத்தில் தடுப்புக்காவலைக் கண்டவருக்கு அச்சொல் வேறொன்றை நினைவூட்டும். மறுபெயர்ப்பில் பிழையின்மை பொருளில் பிழையின்மை ஆகாது. வேண்டுமென்றே வாகனத்தைத் தாறுமாறாக ஓட்டியதுண்டா என்னும் வினா மோட்டார் வாகனம் இல்லாத கடற்றொழிலாளிக்குப் பொருந்தாது. கடல் கொந்தளிக்கையில் வேண்டுமென்றே தனியே வள்ளத்தைச் செலுத்தியதுண்டா என வினவின் அவர் விளங்கிக்கொள்வார். தமிழகத்தில் ஆன தமிழாக்கம் ஒன்றை அவ்வாறே கொண்டுவருவதும் போதாது. தவறணை, கசிப்பு என்னும் சொற்கள் இன்றி இக்கரையின் குடியை விசாரிக்க முடியாது.

மூன்றாவது, சமயம் பற்றியது. தண்டனையாகத் தம்மைக் கடவுளிடமிருந்து விலக்கிக்கொண்டதுண்டா என்பதும் பட்டியலில் உள்ளது. பேசாலையிலோ வங்காலையிலோ வாழும் கத்தோலிக்கர் ஒருவர் குடியின் காரணமாக நற்கருணை வாங்காது விடுவாராயின், அது திருச்சபை ஒழுங்குக்கு அமைந்த நடத்தையேயன்றித் தற்காயம் அன்று. பட்டினி கிடத்தல் பற்றிய வினாவும் அவ்வாறே. தவக்கால ஒறுத்தலையும் றமழான் நோன்பையும் கந்தசஷ்டி விரதத்தையும் அது பிரித்தறியவேண்டும். இஸ்லாமியருக்கு மது விலக்கப்பட்டதாகையால், குடியை ஒப்புக்கொள்ளல் அவருக்கு இரட்டைச் சுமையாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு நீண்ட காலத்தின் பின் மீண்டு வந்த மன்னார் முஸ்லிம்களிடம் அயலூரார் ஒருவர் கேட்கும் வினாவுக்கு எளிதில் விடை கிடைக்கும் என எதிர்பார்த்தலும் தகாது.

நான்காவது, சான்று பற்றியது. விடையின் உண்மையை உடலின் தழும்பைக் கொண்டு சரிபார்க்கலாம் எனச் சிலர் கூறுவர். நைலோன் தங்கூசி கீறிய விரல்களும் திருக்கை முள் பாய்ந்த கால்களும் உடைய கடற்றொழிலாளியிடம் தழும்பு என்ன சொல்லும்? பனையேறுபவரின் மார்பும் முன்கையும் தொழிலாலேயே தேய்ந்து தடித்தவை. இங்கு வடு சான்றாகாது, வாய்ச்சொல்லே சான்று.

ஐந்தாவதும் தலையாயதுமான சிக்கல் ‘வேண்டுமென்று’ என்னும் ஒரு சொல்லில் உள்ளது. “வெறியில் செய்தது” என்பது மன்னாரில் மட்டுமன்றித் தமிழர் வாழும் இடமெங்கும் பொறுப்பை நீக்கும் விளக்கமாக வழங்குகின்றது. வெறியில் கையைக் கீறியவர் வெறி முறிந்த பின் வினவப்பட்டால், வேண்டுமென்று செய்யவில்லை என நேர்மையாகவே மறுப்பார். கீறுவதற்காகவே குடித்தவரும் உளர். கீறும் எண்ணத்தை அடக்கக் குடித்தவரும் உளர். ஒரே வினாவுக்குள் இம்மூவரையும் அடக்க இயலாது. ஆகவே காயத்தை முதலிலும், குடித்திருந்தமையை அடுத்தும், எண்ணத்தை இறுதியிலும் தனித்தனியே வினவுதல் அவசியமாகும். குடியின் அளவை வினவும்போதும் இக்கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கூறும் ஒரு தரக் குடியளவு 10 கிராம் மதுசாரம். கள்ளில் நூற்றுக்கு 5 பங்கு மதுசாரம் இருப்பின் 750 மில்லிலீற்றர் போத்தலொன்றில் ஏறத்தாழ 30 கிராம், அதாவது மூன்று தரக் குடியளவு உண்டு. பிளாவில் குடிப்பவரிடம் கிளாசில் எவ்வளவு என வினவுதல் பயனற்றது.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டால் தகுதி காணும் பணியின் ஒழுங்கு தானே புலனாகும். இருவர் தனித்தனியே தமிழாக்கி ஒப்பிடல், மறுபெயர்ப்பு, அறிஞர் குழுவின் ஆய்வு என்பன தொடக்கப் படிகளே. அடுத்து, குடியிலிருந்து மீண்ட சிலரை அழைத்து ஒவ்வொரு வினாவையும் அவர்தம் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். பின்னர் சிறு தொகையினரிடம் பரீட்சித்து, இரு கிழமைகளின் பின் மீண்டும் வினவி விடைகள் நிலைக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இடையில் குடியை நிறுத்தியவரின் நிலை மாறியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. கெழு 0.70 ஐத் தாண்டிவிட்டது என்பதோடு மனநிறைவு கொள்ளலும் தவறாகும். சிலர் அச்சத்தினால் எல்லா வினாக்களுக்கும் ஒரே வகைப் பொய்யைக் கூறினாலும் கெழு உயரலாம். நம்பகம் வேறு, தகுதி வேறு.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மன்னார்க் கரையில் தற்காயம் பற்றிய வினா நான்கு காலங்களில் நான்கு முகங்களோடு தோன்றியமை புலனாகின்றது. குருவானவரின் வினா பாவத்தைத் தேடிற்று. குத்தகைக்காரரின் ஏடு வருமானத்தைத் தேடிற்று. சட்டம் குற்றத்தைத் தேடிற்று. இன்றைய வினாக்கொத்து நோயைத் தேடுகின்றது. இறுதியது முன்னையவற்றினும் கருணை மிக்கதென்பதில் ஐயமில்லை. ஆயினும் கேட்கப்படுபவரின் செவியில் முந்திய மூன்று குரல்களும் இன்னும் ஒலிக்கின்றன. அவ்வொலி அடங்காதவரை, எத்துணைச் செம்மையாக ஆக்கப்பட்ட வினாவும் பாதி விடையையே பெறும்.

தகுதியற்ற வினாக்கொத்தால் நேரும் இழப்பு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதன்று. பொய்யாக ‘இல்லை’ எனப் பதிவானவர் சிகிச்சையின்றி வீடு திரும்புவார். பொய்யாக ‘ஆம்’ எனப் பதிவானவர் சிறிய ஊரொன்றில் ஆயுள் முழுவதும் ஒரு பெயரைச் சுமப்பார். தமிழ் கற்போருக்கு இதில் கடமை உண்டு. சொற்களின் பொருளையும் வழக்கையும் ஆராய்வது புலவர்க்குரிய பொழுதுபோக்கு என எண்ணும் காலம் கடந்துவிட்டது. சரியான ஒரு சொல் கிடைத்தால், நெடுங்காலம் சட்டைக் கையினுள் மறைத்து வைத்த கரத்தை ஒருவர் வைத்தியர்முன் நீட்டக்கூடும். அச்சொல்லைத் தேடும் பணியில் மருத்துவரும் மொழியறிஞரும் வரலாற்றாசிரியரும் ஒன்றுகூடவேண்டியது இன்றியமையாததாகும்.